வெயில் நாளில் ஓடிய தண்ணீர்

அமலா நகரின் கடைசித் தெருவில் கடைசி வீடு ஜெரால்டுடையது. கோச்சடைக்கு மேற்கே வயலாகக் கிடந்த இடத்தை மனை போட்டபோது, பள்ளத்தில் இருந்த அந்த மனைதான் ஓர் ஓவிய ஆசிரியரின் சம்பளத்துக்குக் கட்டுபடியானது. மழைக்காலம் வந்தால் நகரின் தண்ணீர் எல்லாம் அந்த வீட்டு வாசலுக்கு வந்துதான் வழி கேட்கும்.

வழி இல்லாமல் இல்லை. தெருவோரமாகச் சிலாப்பு போட்டு மூடிய மழைநீர் வடிகால் ஒன்று இருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோன பழைய வரத்துக் கால்வாயின் மேலேயேதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஜெரால்டின் வீட்டைத் தாண்டி, கருவேலம் புதர்களைத் தாண்டி, பனையடிக் கண்மாயில் அது போய் விழ வேண்டும். போன வருடம் விழவில்லை. கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் செய்கிறவர்கள் வடிகாலின் வாயில் நான்கு வரிசை மண்மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை, ஜெரால்டின் கட்டில் சட்டத்துக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு முன்பே இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்தும் அவருக்கு நடை திரும்பவில்லை. மகன் ஜோவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் ஒருவருக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. சாக்கடை கலந்த தண்ணீரை அவர் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்து, பாதி ஆளாகத் திரும்பினார்.

"இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்க மாட்டார் சார்" என்று டாக்டர் ஜோவைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டை விற்கலாம் என்றால், மழையில் மூழ்கிய வீடு என்று ஊருக்கே தெரியும். ஆகவே அடுத்த மழைக்குள் அந்த மூட்டைகள் எடுபட வேண்டும். ஜோவுக்கு வேறு வழி இல்லை.

ஜோ வாடிப்பட்டியில் மிஷன் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். கோடை விடுமுறையில் பேயாண்டியைப் பார்க்கப் போனார். கண்மாய் விவசாயிகளுக்கு அவர்தான் தலைவர். களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்தாமலே பேசினார்.

"வாத்தியாரே, ஒங்க மழைத்தண்ணி வேணாம்னு நாங்க என்னைக்குச் சொன்னோம்? கண்மாய்க்கு அதுதான் வரத்தே. ஆனா நீங்க அனுப்புறது மழைத்தண்ணியா? சித்திரை வெயில்ல காக்கா தண்ணிக்கு அலையிது, ஒங்க வாய்க்கால்ல மட்டும் நொர தள்ளிக்கிட்டு வருது. ஒங்க ஊருக்குன்னு தனியா மேகம் வச்சிருக்கீங்களா?"

"பாதாளச் சாக்கடை வந்துருச்சுண்ணே. சில வீட்டுல இன்னும் பழைய குழாயை மாத்தாம இருக்காங்க."

"சில வீடா! முந்துன வருசம் பயிரு தளதளன்னு வந்துச்சு. பாத்தவன் பூராம் கண்ணு வச்சான். கதிரைப் பிடிச்சு உருவுனா அம்புட்டும் பதரு. சேத்துல எறங்குனா காலு அரிக்குது. எங்க மாடு அந்தத் தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குது. மாட்டுக்கு இருக்கற ரோசம் எனக்கு வேணாமா?"

ஜோ தன் அப்பாவின் கதையைச் சொன்னார். பேயாண்டி அப்போதுதான் வைக்கோலைக் கீழே போட்டார்.

"பாவந்தான். யாரு இல்லைன்னா? ஆனா மூட்டையை எடுத்தா என் சோறு போகுது, எடுக்காட்டி ஒங்க அப்பா போறாரு. இதுக்கு நான் என்ன பண்ண?" தோளில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார். "கார்ப்பரேசன்ல இருந்து வாய்க்காலுக்கெல்லாம் ஆய்வு நடக்குதாமே. காலேசுல இருந்து ஒரு இஞ்சினியர் பொண்ணு வருதாம். அது வந்து பாத்து, 'இதுல மழைத்தண்ணி மட்டுந்தான் வருது'ன்னு சொல்லட்டும். அன்னைக்கே எடுக்கிறோம்."

அன்று முதல் ஜோவுக்கு ஒரே வேலை. குடியிருப்போர் சங்கத் தலைவர் கிருபாகரனையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். கிருபாகரன் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையை உள்ளே விட்டு இடைவார் போடாமல் வாசலைத் தாண்ட மாட்டார். அவர் வந்து நின்றால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் குழாயை மாற்றுகிறேன் என்று உடனே சொல்வதும் இல்லை.

"வாஷிங் மெஷின் தண்ணி சாக்கடையா ஜோ?" என்று ஆஷ்லின் கேட்டாள். அவள் ஜோவோடு மறைக்கல்வி வகுப்பில் படித்தவள். "வாசனைக்குன்னே தனியா ஒண்ணு ஊத்தித்தான் வெளிய விடுறேன். ஒங்க வாய்க்காலே மணக்குமே!"

"அந்த மணம் நெல்லுக்குப் புடிக்கலையாம்."

"நெல்லு வந்து ஒன்கிட்டச் சொல்லுச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாலும், அடுத்த வாரமே குழாயைப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டாள். அவள் மாற்றியதைப் பார்த்து எதிர்வீடு மாற்றியது. அதைப் பார்த்து மற்ற வீடுகள். புரட்டாசி பிறந்தபோது ஜோ ஒரு சிலாப்பை நெம்பித் தூக்கிப் பார்த்தார். உள்ளே சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் அறிந்து அந்த வடிகால் காய்ந்தது அதுதான் முதல் தடவை. அதைச் செல்போனில் படம் எடுத்து அப்பாவிடம் காட்டினார்.

"காஞ்ச சாக்கடையைப் படம் புடிச்சுச் சந்தோசப்படுறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்றார் ஜெரால்ட்.

ஆய்வுக்கு வருவதாகச் சொன்னவர் டயானா. ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். தொலைபேசியில் நிதானமாக விளக்கினார். தொடர்ந்து சில நாள் மழை இல்லாமல் இருக்கும்போதுதான் வருவார்கள். மழை இல்லாத நாளில் மழைநீர் வடிகால் வறண்டு கிடக்க வேண்டும். தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. மிச்சச் சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஜோ இதைக் கிருபாகரனிடம் அப்படியே சொன்னார். புதன்கிழமை காலை என்றும் சொன்னார்.

கிருபாகரனின் காதில் எல்லாம் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் 'ஆய்வு' என்ற சொல் அவருக்குள் வேறு எதையோ முடுக்கிவிட்டது. பள்ளியில் இருந்த காலம் முழுவதும், ஆண்டாய்வுக்கு மேலதிகாரி வருகிற நாள் காலையில், வகுப்பறைகளைக் கழுவி, கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் தூவி, நடைபாதைக்கு இருபுறமும் சுண்ணாம்புக் கோடு போட்டு, இளநீர் வெட்டித் தயாராக வைத்தவர் அவர். அப்படிச் செய்யாத ஓர் ஆய்வு அவர் வாழ்க்கையில் கிடையாது. புதன்கிழமை பொழுது புலரும்போது, தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்து, சிலாப்புகளைத் திறந்து வடிகாலின் தலைமாட்டிலிருந்து தண்ணீரை அடித்துவிட்டார். பின்னாலேயே ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரையும் கொட்டினார். வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, இளநீரோடு வந்து காத்திருந்தார்.

ஜோவுக்கு இது தெரியாது. டயானாவை ஊருக்கு வெளியே சந்தித்து, சுற்றுச் சாலை வழியாக நேராக வடிகால் வாய்க்கு அழைத்துப் போயிருந்தார். பேயாண்டி முன்பே வந்து மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

சிலாப்புக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கலங்கலாக, வெள்ளை ஏடு படிந்து வந்து, மூட்டைகளுக்கு முன்னால் குளமாகத் தேங்கியது. தவளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே குதித்து, மூட்டைகளின் மேல் தாவி மறுபக்கம் போயின.

"பாருங்க தாயி" என்றார் பேயாண்டி. "தவளையே எடத்தைக் காலி பண்ணிட்டுப் போகுது. நான் எதுவும் சொல்லல."

டயானா குனிந்து ஒரு குப்பியில் தண்ணீரை மொண்டார். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தார். "குளோரின் எக்கச்சக்கமா இருக்கு. யார் பவுடர் போட்டது?"

பதில் தெருவழியாக நடந்து வந்தது. கையில் இளநீரோடு கிருபாகரன். "வணக்கம் மேடம். மேல வந்து பாருங்க. எப்படிப் பளிச்சுன்னு இருக்கு! விடியறதுக்குள்ள ஒரு லாரித் தண்ணி விட்டுக் கழுவியாச்சு."

ஜோ அவர் பக்கம் திரும்பினார். "சார், காஞ்சு கெடக்கணும்னு சொன்னேனே சார்."

"காஞ்சா? அழுக்கா இருக்கும்போதா ஜோ ஆய்வுக்குக் காட்டுறது?"

பேயாண்டி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "கறையில்லாத சட்டையை எவன் விடியக்காலம் எந்திரிச்சுத் தொவைப்பான்? எதையோ மறைக்கத்தான கழுவுனீங்க? நல்லவேளை, மூட்டை இருந்துச்சு. இல்லைன்னா இம்புட்டு மருந்தும் கண்மாய்க்குள்ள போயிருக்கும், மீனு பூராம் மல்லாந்திருக்கும்."

கிருபாகரனுக்கு அப்போதுதான் விளங்கியது. கையிலிருந்த இளநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்" என்றார் டயானா ஜோவிடம். "ஆனா நம்பிக்கையை எழுத முடியாது. மழையில்லாத நாள்ல ஓட்டம் இருந்தது, காரணம் உறுதியாகலை, மறுபடி பார்க்கணும். இவ்வளவுதான் எழுத முடியும். அடுத்த சுற்று ஜனவரியில."

ஜனவரிக்குள் ஐப்பசி வந்து போய்விடும். கார்த்திகையும் போய்விடும். பேயாண்டி சைக்கிளை எடுக்கப் போனார். ஜோ குறுக்கே போய் நின்றார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கெழமை காலைல வந்து நீங்களே பாருங்க. ஏழு மணிப் பூசைக்கு எங்க நகரே ஒரே நேரத்துல குளிக்கும். மோட்டார் சத்தத்துல கோழி கூவுறது கேக்காது. அந்த நேரத்துல வாய்க்கா காஞ்சு கெடந்தா?"

"கெடந்தா எடுக்கிறேன். கெடக்கலைன்னா?"

"இன்னொரு வரிசை அடுக்கிக்கங்க."

"இது நான் சொல்லல. நீங்க சொன்னது."

"நானும் வர்றேன்" என்றார் டயானா. "ஆய்வுக் கணக்குல சேராது. ஆனா பார்க்கணும்னு ஆசையா இருக்கு. பூசைக்குச் சாயங்காலம் போய்க்கிறேன்."

கிருபாகரன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. சனிக்கிழமை வந்தார். தெருத்தெருவாகப் போய், "நாளைக்கு ஒருத்தரும் வாசல்ல தண்ணி தெளிக்கக் கூடாது. காரைக் கழுவக் கூடாது. அழுக்கா இருந்தா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை யாராலும் நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜோ, பேயாண்டி, டயானா மூன்று பேரும் வடிகால் வாயில் கூடினார்கள். தேங்கியிருந்த குளம் வெயிலில் வற்றி, வெள்ளைப் பொருக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. நகருக்குள் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. ஒரு வீட்டில் பக்திப்பாட்டு, ஒரு வீட்டில் பிள்ளையை அடித்துக் குளிக்க வைக்கிற சத்தம். பேயாண்டி மூட்டையில் உட்கார்ந்து சிலாப்பின் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிகால் வறண்டே கிடந்தது.

"பரவால்ல வாத்தியாரே" என்றார் கொஞ்சம் கழித்து. "ஊரு குளிக்குது, ஒரு சொட்டு வரல. சொன்னா சொன்னபடி—"

வாக்கியம் முடியவில்லை. இருட்டிலிருந்து ஒரு நீர்க்கோடு மெதுவாக நெளிந்து வந்தது. முனையில் நுரை.

"வந்துருச்சுல்ல" என்றார் பேயாண்டி. குரலில் கேலி இல்லை.

டயானா சிலாப்பைத் தூக்கச் சொல்லி மேலே போனார். கொஞ்ச தூரத்தில் ஒன்றைத் தூக்கினால் நுரை. அதற்கு மேலே தெரு முக்கில் தூக்கினால் காய்ந்த சேறு. அதற்கும் மேலே காய்ந்துதான் இருந்தது. ஆகத் தண்ணீர் கடைசித் தெருவின் கடைசியில்தான் சேர்கிறது. அதற்குள் ஜோவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் அல்ல, மூக்கால். வேப்பெண்ணெய் சோப்பின் வாடை. படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்க டாக்டர் சொன்ன சோப்பு. அந்தத் தெருவில் வேறு யாரும் வாங்குவதில்லை.

"அண்ணே" என்றார். "இது எங்க வீட்டுத் தண்ணி."

கொல்லைக் கதவு திறந்தே இருந்தது. சிமெண்டுத் தளத்தின் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் தலை நிறையச் சோப்போடு ஜெரால்ட் உட்கார்ந்திருந்தார். மனைவி பாக்கியமேரி அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மூலையிலிருந்த துவாரத்தில் இறங்கிப் போனது. டயானா கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"யாரு மேரி? கண்ணைத் தொறக்க முடியல."

"கண்மாய்க்காரங்க வந்திருக்காங்க. பேசாம இருங்க." பாக்கியமேரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். மகன் துவாரத்தைப் பார்த்தார்.

"இது மழைத்தண்ணி போறதுக்கு விட்ட ஓட்டைங்க" என்றார் பாக்கியமேரி, பேயாண்டியிடம். "குழாய் எதுவும் இல்ல. எல்லாக் குழாயையும் மாத்தியாச்சு. பாத்ரூம் நிலைக்குள்ள இந்த நாற்காலி போக மாட்டேங்குது. அவரைத் தூக்கவும் என்னால முடியாது. அதான் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை இங்கனயே வச்சு… இதுவும் கணக்குன்னு எனக்குத் தோணலையே."

யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வீடு வீடாக ஏறிக் குழாய்களைத் தேடிய ஜோ, இந்தத் துவாரத்தைத் தாண்டித்தான் தினமும் பைக்கை எடுத்திருக்கிறார்.

"என் மேல ஊத்துன தண்ணியா கண்மாய் வரைக்கும் போகுது?" என்றார் ஜெரால்ட் கண்ணை மூடியபடி. "நானே அம்புட்டு தூரம் போயி வருசக்கணக்காச்சு."

பேயாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே சொன்னார்: "ஒரு ஆளு குளிக்கிற தண்ணிதான். எனக்கும் தெரியுது. ஆனா இதை விட்டா, அவரை விட்டீங்களேன்னு அடுத்த வீடு கேக்கும். எங்க ஆளுகளுக்கு நான் என்ன சொல்ல?"

"விட வேணாம்" என்றார் ஜோ. "ஓட்டையை அடைச்சிருவோம்."

"அடைச்சா மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வருமேடா" என்றார் பாக்கியமேரி. அவர் கொஞ்ச நேரம் பாத்ரூம் பக்கம் பார்த்தார். "நிலையைப் பேத்துருவோம். கதவே வேணாம். நாற்காலி உள்ள போயிரும்ல?"

"கதவில்லாத பாத்ரூம்லயா நான் குளிக்கிறது?"

"இம்புட்டு நாளா ஆகாசம் பாக்கக் குளிச்சீங்க, அப்ப வராத வெக்கமா? ஒரு படுதா போட்டு விடுறேன்."

கொத்தனார் முத்திருளனைக் கிருபாகரன்தான் தேடிப் பிடித்து வந்தார். மத்தியானத்துக்குள் நிலை பெயர்ந்தது. நாற்காலி உள்ளே போனது. பாத்ரூம் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்கே போகிறது என்பதை டயானா ஒரு வாளித் தண்ணீரில் நீலம் கலந்து ஊற்றிப் பார்த்து உறுதி செய்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: சாக்கடையை நிறுத்தினாலும், முதல் மழை ரோட்டு எண்ணெயையும் குப்பையையும் வழித்துக்கொண்டுதான் போகும். அதற்கு வடிகால் வாயில் ஒரு வலை வேண்டும். தெருவும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பேயாண்டி சாயங்காலம் நான்கு ஆட்களோடு வந்தார். மேல் வரிசைகள் இரண்டை மட்டும் எடுத்தார்கள். "மிச்சம் ரெண்டும் கெடக்கட்டும். மழை பேயட்டும், வர்ற தண்ணியைப் பாத்துட்டு எடுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. எங்க ஆளுக இன்னும் அரைமனசாத்தான் இருக்காங்க."

ஜோ கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் மீதி இரண்டு வரிசைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டபடியே இருந்தார். அதற்கும் வீட்டு வாசற்படிக்கும் மயிரிழைதான் இடைவெளி.

ஐப்பசி இரண்டாவது வாரம், பள்ளி விட்டு அவர் கோச்சடை வருவதற்குள் வானம் இடிந்து விழுந்தது. பைக்கைத் தெரு முக்கிலேயே போட்டுவிட்டு நனைந்தபடி ஓடினார். வாசலில் முதல் படி மூழ்கியிருந்தது. ஆஷ்லினின் கணவரும் கிருபாகரனும் நாற்காலியைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்கள். கிருபாகரன் அன்றும் சட்டையை உள்ளே விட்டிருந்தார், முழங்காலுக்கு மேல் பேன்ட்டைச் சுருட்டியிருந்தார்.

"தூக்கிருவோமா ஜோ? வெளிச்சம் இருக்கும்போதே."

"கொஞ்சம் பொறுங்க சார்."

இரண்டாவது படியும் மூழ்கியது. வாசற்படியைத் தொட ஒரு விரல் உயரம் பாக்கி. பாக்கியமேரி ஜெபமாலையோடு வாசலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்ட் மட்டும், "என்னைச் சுத்தி நின்னு காத்தை அடைக்காதீங்கப்பா" என்றார்.

தொலைபேசி அடித்தது. மழை இரைச்சலுக்கு மேல் பேயாண்டி கத்தினார்.

"வாத்தியாரே! மொதல்ல கருப்பா வந்துச்சு. ரோட்டு எண்ணெயி. அப்பறம் செம்மண்ணு தண்ணிதான். அள்ளி மோந்து பாத்துட்டேன், வெறும் மண்ணு வாசம். எங்க ஆளுகளும் பாத்துட்டானுக. மூட்டையை உருவச் சொல்லிட்டேன்."

ஜோ வாசலுக்கு வந்தார். தண்ணீர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தெருவில் மிதந்த ஒரு தென்னம்பாளை மெல்லத் திரும்பி, கண்மாய்ப் பக்கமாக நகரத் தொடங்கியது. இரண்டாவது படியின் விளிம்பு ஈரமாக வெளியே தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றது தொலைபேசி. "ஒங்க தெரு பால் கவரு, பிஸ்கட் தாளு, தெர்மாக்கோலு பூராம் இங்க வந்து சொருகிக் கெடக்கு. எங்க ஆளுகளா அள்ளுவாங்க? மழை விட்டதும் ஆளோட வாங்க. வலை கட்டுற வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் நீங்கதான் வரணும், சொல்லிட்டேன்."

"வாரேண்ணே. இப்பவே வாரேன்."

கிருபாகரன் நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாக்குப்பைகளைத் தேடப் போனார்.

"என்னவாம்?" என்று கட்டிலிலிருந்து ஜெரால்ட் கேட்டார்.

"குப்பை அள்ள வரச் சொல்றாருப்பா. நீங்க இருந்துக்குவீங்களா?"

"போயிட்டு வா. இன்னைக்கு எனக்கு எங்கயும் போற வேலை இல்ல" என்று சொல்லி, அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.